நிற்காதவருக்கு விழுந்த ஓட்டுகள்

தேர்தலில் நிற்காதவருக்கு ஓட்டு விழாது என்று பரவலாக நம்பப்படுகிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது என்பதை, வேறெதையும் சொல்லத் தொடங்குமுன், மிகுந்த வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பாம்பு பால் குடிக்கும் என்பதைப் போலப் பாம்பைத் தவிர வேறு யாருக்கும் கேடு செய்யாத பிழை அல்ல இது. ஒரு மனிதரின் பதினெட்டு ஆண்டு நிம்மதியைத் தின்று தீர்த்த பிழை. 1971 தொடங்கி 1989 வரை ஆவாரங்குடி சட்டமன்றத் தொகுதியில் நிற்காதவர்களுக்கு ஓட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. அவை கட்டுக் கட்டாகக் கட்டப்பட்டன, எண்ணப்பட்டன, எண்ணிக்கை சொல்லப்பட்டது, சொல்லப்பட்டதைக் கேட்டுவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது.

வெள்ளாற்றுக்குத் தெற்கே, முந்திரிக்காடும் கரும்புக்கொல்லையுமாகக் கிடந்த அந்தத் தொகுதி, வரைபடத்தில் வார் அறுந்த செருப்பைப் போல இருக்கும். 2008 மறுசீரமைப்பில் அதை மூன்றாகக் கிழித்துப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கு வைத்துவிட்டார்கள் என்பதால் இன்று தேடினால் கிடைக்காது. 1957-இல் ஒரு வக்கீல் ஜெயித்தார். ஜெயித்த மறுநாள் சென்னைக்குப் போனவரை ஊர் மறுபடி பார்த்தது 1962-இல், தோற்பதற்காக அவர் திரும்பி வந்தபோதுதான். அந்த முறை ஜெயித்தவர் பஸ் முதலாளி. 1967-இல் ஜெயித்தவர் மரக்கால் சின்னத்தில் நின்ற தமிழாசிரியர்; சட்டசபையில் நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை எழுந்து பேசினார், அதுவும் முன்னால் பேசியவரின் மேற்கோளைத் திருத்துவதற்காக. 1971-இல் உலக்கைக் கட்சியின் தெய்வசிகாமணி 38,421 ஓட்டு வாங்கி ஜெயித்தார். ஆண்டுமலர்கள் 38,412 என்று அச்சிட்டிருப்பது தவறு. வித்தியாசம் ஒன்பதுதானே என்று நினைக்கலாம்; தெய்வசிகாமணிக்கு அன்றிலிருந்து எண்கள் சிறியதாகத் தெரிந்ததே இல்லை.

இங்கே ஒரு வழக்கத்தை விளக்கியாக வேண்டும். கட்சி வேட்பாளர் ஒருவர் மனுத்தாக்கல் செய்யும்போது கூடவே இன்னொருவரும் செய்வார். முதல் மனுவில் ஒரு கையெழுத்து விட்டுப்போய்த் தள்ளுபடி ஆகிவிட்டால் கட்சி நடுத்தெருவில் நிற்கக் கூடாதே, அதற்காக. முதல் மனு ஏற்கப்பட்டதும் இவர் கடைசி நாள் மூன்று மணிக்குள் தாலுகா ஆபீசுக்குப் போய், வாபஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து ஒரு டீ குடித்து, பிரச்சார ஜீப்பின் பின்சீட்டில் ஏறிக்கொள்வார். சட்டம் இவரை மாற்று வேட்பாளர் என்கிறது. ஊர் டம்மி என்கிறது. டம்மியாக யாரைப் போடுவது என்பதில்தான் ஒரு தலைவரின் புத்திசாலித்தனமெல்லாம் இருக்கிறது. மூன்று மணிக்கு மனசு மாறாத ஆளாக, ஆசையே இல்லாத ஆளாக இருக்க வேண்டும், அப்படிப்பட்டவர்கள் எந்தக் கட்சியிலும் சேர்வதில்லை. ஆகவே தெய்வசிகாமணி கட்சிக்கு வெளியே தேடி, கடைத்தெருவில் மாவு மெஷின் வைத்திருந்த பூவராகனைக் கண்டுபிடித்து, காலையில் உறுப்பினர் அட்டையும் மதியம் வேட்புமனுவும் கொடுத்தார்.

பூவராகன் புருவம் வரை மாவாக இருப்பார். மிளகாய் அரைக்கும் நாளில் சிவப்பாகவும் மற்ற நாட்களில் வெள்ளையாகவும் இருப்பார் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்றுதான் தெய்வசிகாமணி நினைத்தார். மெஷின் ஓடும்போது கத்தித்தான் பேச வேண்டும் என்பதால் ஆவாரங்குடியின் ரகசியங்களெல்லாம் அங்கே உரத்த குரலில் பேசப்பட்டன. பூவராகன் எல்லாவற்றுக்கும் "ம்" என்பார். அங்கே கேட்டதை அவர் வெளியே எங்கும் எடுத்துப் போனதில்லை.

ஓட்டு எண்ணிக்கை நடந்த ஹைஸ்கூல் கட்டடத்தில், மாலை போட்டுக்கொண்டு நின்ற தெய்வசிகாமணியிடம் அவருடைய ஏஜென்ட் கொளஞ்சிநாதன் ஓடி வந்து சொன்னதுதான் தொடக்கம்.

"அண்ணே, நம்ம டம்மிக்குப் பதினோரு ஓட்டு விழுந்திருக்குண்ணே."

"எந்த டம்மிக்கு?"

"எத்தினி டம்மி வச்சிருக்கீங்க? மெஷின்காரருக்குத்தான்."

"அவன்தான் வாபஸ் வாங்கிட்டானேடா. பேரே கிடையாதே."

"இருக்குண்ணே. வந்து பாருங்க."

இருந்தது. வாக்குச்சீட்டில் நான்கு வேட்பாளர்களுக்கு நான்கு வரிசைதான் அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பதினோரு சீட்டுகளில் மட்டும் நான்காவதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரிசை, அதே மையில், அதே எழுத்தில், 'வ. பூவராகன்' என்ற பெயர், பக்கத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு சல்லடைச் சின்னம், சல்லடையின் மேல் வாக்காளர் குத்திய முத்திரை. தேர்தல் அதிகாரி கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். கிழிந்த சீட்டுக்கு விதி இருந்தது, இரண்டு முத்திரை விழுந்த சீட்டுக்கு விதி இருந்தது, சீட்டில் சாமிக்கு வேண்டுதல் எழுதிப் போட்டவருக்குக்கூட விதி இருந்தது, இதற்கு மட்டும் இல்லை. அச்சகத்து ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாரானார். கடைசியில் அதிகாரி பியூனிடம் ஒரு தட்டுக் கொண்டுவரச் சொல்லி, பதினொன்றையும் அதில் வைத்து, மேலே ஒரு பேப்பர்வெயிட்டை வைத்தார். அதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

முதலில் தெய்வசிகாமணி எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். வெற்றி ஊர்வலத்தில் ஜீப்பின் மேல் நின்று கும்பிட்டுக்கொண்டே போகும்போது, கும்பிட்ட கைகளுக்குப் பின்னால் அந்தப் பதினொன்றும் மெல்ல ஒரு கணக்கைத் தொடங்கின. முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் பேரில் தன் சாதிக்காரர்கள் எத்தனை பேர் என்று அவர் கழித்தார். பிறகு உலக்கை என்றால் கழுதை நின்றாலும் குத்துகிறவர்களைக் கழித்தார், தமிழாசிரியர் மேல் உள்ள கோபத்தில் போட்டவர்களைக் கழித்தார், பாலம் வரும் என்று போட்டவர்களை, பட்டா வரும் என்று போட்டவர்களை, புருஷன் சொன்னான் என்று போட்டவர்களை, பயந்து போட்டவர்களை, கூட்டத்தோடு கூட்டமாகப் போட்டவர்களைக் கழித்துக்கொண்டே போனார். ஊர்வலம் கடைத்தெருவை அடைந்தபோது மிச்சம் ஒன்றும் இல்லை. மாவு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூவராகன் வாசலுக்கு வந்து, மாவுக் கையால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார். அவரிடமிருந்து கழிக்க எதுவுமே இல்லை என்பதைத் தெய்வசிகாமணி அப்போதுதான் பார்த்தார். கேட்காமல் விழுந்த பதினொன்று. அந்த இடத்தில், சாமந்தி மாலைக்குக் கீழே, நெஞ்சுக்குழியில் ஒரு சின்ன எரிச்சல் பிடித்தது. அவர் அதைப் பித்தம் என்று நினைத்து மறுநாள் சுக்குக் கஷாயம் குடித்தார்.

மூன்றாம் நாள் மெஷினுக்குப் போனார்.

"உண்மையைச் சொல்லு பூவராகா. யார்கிட்டயாவது கேட்டியா?"

"நான் யார்கிட்டண்ணே கேக்கப் போறன்? எங்க ஊட்டுல நாலு ஓட்டு. நாலும் உலக்கைக்குத்தான்."

"உன் ஓட்டு?"

"அதும் சேத்துத்தாண்ணே நாலு."

"அப்ப இந்தப் பதினோரு பேரு யாரு?"

பூவராகன் யோசித்தார். பிறகு, "அரைக்க வந்தா கேட்டுச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார்.

1977-இல் அது எழுபத்து நான்கு ஆயிற்று. 1980-இல் நூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொரு முறையும் பூவராகன் மனுத்தாக்கல் செய்தார், ஒவ்வொரு முறையும் இரண்டே முக்காலுக்கு வாபஸ் வாங்கினார், ஒவ்வொரு முறையும் தெய்வசிகாமணி ஜெயித்தார். ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். மாற்றலாகிப் போகும் அதிகாரி வருகிற அதிகாரிக்கு எழுதிவைக்கும் குறிப்பில், டேபிள் எண்ணிக்கை, ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கும் இடம், மதிய உணவுக்கு நல்ல ஓட்டல் ஆகியவற்றுக்குப் பிறகு, "ஆவாரங்குடிக்கு ஒரு தட்டு கூடுதலாகக் கேட்டு வாங்கவும்" என்றொரு வரி சேர்ந்தது. எண்ணுகிற பெண்கள் அந்தச் சீட்டுகளைக் கண்டால், முறத்தில் நெல்லிலிருந்து கல்லை ஒதுக்குவதைப் போல, தலை தூக்காமல் தட்டில் ஒதுக்கினார்கள். முக்கூட்டு டீக்கடையில் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டுவது நின்றுபோய், சல்லடைக்கு எத்தனை என்று கட்டினார்கள். மரக்கால் கட்சிக்காரர்கள், அந்த ஓட்டுகள் தங்களிடமிருந்து போனவை அல்ல என்று அதிகாரியிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். யாரோ ஓர் அம்மாள் மெஷின் வாசலில் கற்பூரம் ஏற்றப்போக, பூவராகன், "நெருப்பை அப்பால எடும்மா, உள்ள டீசல் இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அதோடு அந்த வகைப் பேச்சும் முடிந்தது.

பழகாதவர் ஒருவர்தான் இருந்தார். ஓட்டுச் சீட்டுகளை எண்ணுவதற்கு முன் எல்லாச் சாவடிச் சீட்டுகளையும் ஒரு பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்கிவிடுவார்கள், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியக் கூடாது என்பதற்காக. தேர்தல் சட்டம் இதைவிடக் கொடிய ஒன்றை ஒரு மனிதனுக்குச் செய்திருக்க முடியாது. தெய்வசிகாமணி கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் வரிசை இலைகளை எண்ணி, இவர்களில் யார் என்று பார்ப்பார். சாவு வீட்டில் செத்தவரைப் பார்த்து, இவராக இருந்தால் ஒன்று குறையுமே என்று நினைத்து, நினைத்ததற்காகக் கூடுதலாக ஒரு மாலை போடுவார். பூவராகனை ஊர் வெறுக்கச் செய்யலாம் என்று அவரைப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவராக்கினார். ஒரு மனிதனை ஊர் வெறுப்பதற்குப் பால் சங்கத்தைவிடக் குறுக்கு வழி கிடையாது என்பது உலகம் அறிந்தது. பூவராகன் முதல் கூட்டத்தில் எல்லோரும் பேசியதற்கு "ம்" என்றார், இரண்டாவது கூட்டத்தில் ராஜினாமா செய்தார், மூன்றாவது கூட்டத்தில் அவரைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள்.

1980-இல் ஒருத்தி அகப்பட்டாள். கருக்கை கிராமத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள், கொட்டைப் பால் பட்டு விரல்கள் கறுத்தவள், பெயர் அஞ்சலாட்சி. கொளஞ்சிநாதன் சொல்லி, எம்.எல்.ஏ.வே அவளைத் தேடிப் போனார். அவள் மறைக்கவில்லை.

"ஆமா, குத்தினன். சீட்டைப் பார்த்தா கீழ அவரு பேரு இருந்துச்சி."

"எல்லாச் சீட்டுலயும் இல்லையேம்மா."

"எல்லாச் சீட்டையும் எனக்கா குடுத்தாங்க?"

"சரி. என்ன காரணத்துக்குப் போட்ட? அவன் என்ன செஞ்சான் உனக்கு?"

அஞ்சலாட்சி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உண்மையிலேயே யோசித்தாள்.

"காரணமா? காரணம் இருந்தது உங்களுக்குப் போட்டதுக்குத்தாங்க, அதுக்கு முந்தின தபா. பாலத்துக்காவ."

பாலம் வந்திருந்தது. அதன் மேல்தான் அவருடைய ஜீப் நின்றுகொண்டிருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் தெய்வசிகாமணி அந்தப் பாலத்தை ஒரு துரோகியைப் பார்ப்பதைப் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் அவர் மனைவி செங்கமலம், வாசலில் காத்திருந்த நான்கு பேரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஒருவனுக்கு மோர் கொடுத்து, இன்னொருவன் கொண்டுவந்த மருத்துவமனைச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் பின்கட்டுக்குப் போனார். அவள் பின்னாலேயே வந்தாள்.

"நீ யாருக்குப் போட்ட?" என்றார்.

"எப்ப?"

"எப்பவும்."

"உலக்கைக்கு. வேற எதுக்குப் போட? இருவது வருசமா இடிபடறவ நானு, அதுக்குத்தான போடணும்?"

"விளையாடாத செங்கமலம். அந்தச் சல்லடைக்கு எப்பவாவது?"

"உங்களுக்கு நாப்பதாயிரம் பேர் சோறு போட்டிருக்காங்க. அவரு இலையில பருக்கை இருக்குதான்னு எட்டிப் பாக்கறீங்களே" என்று சொல்லிவிட்டு, மருத்துவமனைச் சீட்டுக்காரன் காத்திருப்பதால் முன்கட்டுக்குப் போனாள்.

1984-இல் அவர் பூவராகனை அடியோடு விலக்கிவிட்டு, மாற்று வேட்பாளராக மனைவியையே போட்டார். பூவராகனின் பெயர் தாலுகா ஆபீசின் எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது என்பது ஏற்பாடு. செங்கமலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் ஒரு கையெழுத்துப் போட்டாள், நான்கு நாள் கழித்துச் சாதாரணப் புடவையில் போய் இன்னொரு கையெழுத்துப் போட்டாள். "முதல்ல போட்டது நிக்கறதுக்கு, இப்ப போட்டது நிக்காததுக்கு, சரிதானே? நடுவுல நாலு நாள் நான் நின்னிருக்கன்" என்று குமாஸ்தாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். தேர்தல் நடந்தது. தெய்வசிகாமணி நான்காம் முறையாக ஜெயித்தார். மனுவே கொடுக்காமல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பூவராகனுக்குத் தட்டில் முந்நூற்று ஆறு.

அந்த ஐந்து வருடம்தான் மிகவும் மோசமானது. தெய்வசிகாமணிக்குச் சர்க்கரை வந்தது. சட்டசபையில் பேசும்போது மேஜை தட்டுகிறவர்களைப் பார்த்து, இவன் எதற்காகத் தட்டுகிறான் என்று கழிக்கத் தொடங்குவார், பேச்சு நின்றுவிடும். பேரப்பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால்கூட, சட்டைப்பையில் ஆரஞ்சு மிட்டாய் இருப்பது நினைவுக்கு வந்துவிடும். இப்படி இருந்த ஒருநாள், குளித்துக்கொண்டிருக்கும்போது, எல்லாம் தெளிவாகிவிட்டது. தான் நிற்பதுதானே தடை. நிற்காமல் இருந்தால்? பூவராகனை நிற்க வைத்துவிட்டுத் தான் டம்மியாகி, மனுக் கொடுத்து, இரண்டே முக்காலுக்கு வாபஸ் வாங்கி, யாரிடமும் எதையும் கேட்காமல் இருந்தால்? நாற்பது வருடம் இந்த மண்ணில் உழைத்தவனுக்கு முந்நூற்று ஆறு ஓட்டாவது விழாதா?

கட்சிக்குக் கடிதம் எழுதினார். உடல்நிலையைக் காரணம் காட்டி, நெடுநாள் தொண்டருக்கு வாய்ப்பளிக்க வேண்டினார். பத்திரிகைகள் தியாகம் என்று எழுதின. பூவராகன் மட்டும்தான் தயங்கினார்.

"எனக்கு எதுக்குண்ணே? மெஷினை யாரு பாத்துப்பா?"

"நில்லுன்னா நில்லுய்யா. நான் நிக்கறப்ப நீ நிக்காம இருந்தல்ல? இப்ப நீ நில்லு, நான் நிக்காம இருக்கேன்."

"நிக்காம இருக்கறதுல என்னாண்ணே கஷ்டம், நான் பாட்டுக்கு இருந்தன்."



1989 ஜனவரி, மாட்டுப்பொங்கல் கழித்து வந்த தேர்தல் அது. மூன்று வாரப் பிரச்சாரத்தில் ஜீப்பின் முன்சீட்டில் பூவராகன் மாவு துடைத்த முகத்தோடு, அடையாளம் தெரியாதவராக உட்கார்ந்திருந்தார். தொண்டை வற்ற ஓட்டுக் கேட்டார். பாலம் கட்டுவேன், பள்ளிக்கூடம் கட்டுவேன் என்று எழுதிக்கொடுத்ததையெல்லாம் சொன்னார். பின்சீட்டில் தெய்வசிகாமணி, கேட்காமல் இருந்தார். அதை அவர் மிகக் கவனமாகச் செய்தார். கூட்டம் தன்னைப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கை குவிக்காமல், வாய் திறக்காமல், ஒன்றும் வேண்டாதவரின் முகத்தை வைத்துக்கொண்டு, ஊர் ஊராக, தெருத் தெருவாக, முப்பத்தேழு கிராமங்களில் கேட்காமல் இருந்தார். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்ட சனங்கள் பனங்கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். கருக்கையில் அஞ்சலாட்சி ஜீப்பருகே வந்து, "என்னாங்க, பேச மாட்டறீங்க, ஒடம்புக்கா?" என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் புன்னகை செய்தார். இரண்டு நாள் கண்ணாடி பார்த்துப் பழகிய புன்னகை.

ஓட்டுப்பதிவு நாளன்று காலை எட்டு மணிக்கு, பெண்கள் பள்ளிச் சாவடியில் செங்கமலம் பெண்கள் வரிசையில் போய் ஒரு நிமிஷத்தில் குத்திவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் நின்றாள். தெய்வசிகாமணி விரலில் மை வைத்துக்கொண்டு, சீட்டையும் முத்திரைக்கட்டையையும் வாங்கி, அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார்.

சீட்டில் நான்கு பெயர்கள் இருந்தன. மூன்றாவதாக, உலக்கைக்கு எதிரே, பூவராகன். அதற்குக் கீழே ஒரு சுயேச்சை. அதற்குக் கீழே வெறும் காகிதம். பதினெட்டு வருடமாக, அவரைத் தவிரப் பலருக்கும் தெரிந்த அந்த இடத்தை அவர் தன் சீட்டில் இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை; எப்போதும் உலக்கையை மட்டும் பார்த்துக் குத்திவிட்டு வந்துவிடுவார். இப்போது பார்த்தார். ஒன்றும் இல்லை. கோடைக்கு வெள்ளாற்று மணலில் ஊற்றுத் தோண்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்களே, அப்படிக் காத்திருந்தார்.

வெளியே வரிசை நீண்டது. சாவடி அதிகாரி இருமினார். மறைப்புக்குள் எட்டிப் பார்க்கச் சட்டம் இடம் கொடுக்காததால் இன்னொரு முறை இருமினார்.

"உள்ள போனவரு எந்த ஊருக்குப் போய்ட்டாரு?" என்றது ஒரு குரல்.

"நாலு தபா எம்.எல்.ஏ. ஆச்சே. ஒரு எடத்துல பூந்தா அஞ்சு வருசம் கழிச்சித்தான் வெளிய வருவாரு."

"மனுசன் யாருக்குப் போடறதுன்னு யோசிக்கறாருய்யா. நமக்கு இல்லாத யோசனை அவருக்கு இருக்காதா?"

இருபத்தைந்தாவது நிமிடத்தில் காகிதம் லேசாகக் கறுத்தது. முதலில் ஒரு கோடு, நேர்கோடு, அச்சுக்கோடு. பிறகு ஈரம் ஊறுவதைப் போல ஒரு தலைப்பெழுத்து வந்தது. 'தெ.' என்று இருந்தது. தெய்வசிகாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. கழிக்க ஒன்றும் இல்லாத, எதற்காகவும் இல்லாத, தனக்கே தனக்கான ஒரு வரிசை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது மிச்சமும் வந்திருந்தது.

தெ. செங்கமலம். பக்கத்தில், பாதி திறந்திருக்கும் ஒரு கதவு.

தலைப்பெழுத்து மட்டும்தான் அவருடையது. பழக்கம் விடவில்லை, கழிக்க முயன்றார். இவளுக்கு யார் எதற்காகப் போடுவார்கள் என்று தேடினார், மோர் கொடுத்ததற்கா என்று கேட்டுக்கொண்டார், உட்காருங்கள் என்று சொன்னதற்கா, சீட்டுப் படித்துச் சொன்னதற்கா. அதற்கெல்லாம் ஒரு மனுஷி ஓட்டு வாங்க முடியும் என்று தெரிந்திருந்தால் தானே செய்திருப்போமே என்று நினைத்தார். அப்படி நினைத்த உடனே, அதனால்தான் தனக்கு அது வரவில்லை என்பதும் தெரிந்தது. தெரிந்ததால் எரிச்சல் ஆறவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே, தன் பக்கத்துத் தலையணையிலேயே அது இத்தனை நாள் படுத்திருந்ததே என்ற நினைப்பு வந்து இன்னும் எரிந்தது. மேலும் பதினைந்து நிமிடம் நின்றார். பிறகு முத்திரைக்கட்டையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, மொத்த உடம்பின் கனத்தையும் அதன் மேல் வைத்துக் குத்தினார்.

வெளியே வந்ததும் செங்கமலம், "என்ன இவ்ளோ நேரம்? யாருக்குப் போட்டீங்க?" என்றாள்.

"உலக்கைக்கு."

"நானும்தான்" என்றாள் அவள்.

பூவராகன் 41,206 ஓட்டு வாங்கி ஜெயித்தார். தட்டில் அறுநூற்றுப் பதின்மூன்று சீட்டுகள் இருந்தன, எல்லாவற்றிலும் கதவு. அதில் ஒன்றில் முத்திரை அவ்வளவு அழுத்தமாக விழுந்திருந்ததால் காகிதம் கிழிந்து ஓட்டையாகி இருந்தது; அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கிழிந்த சீட்டுக்கு இருந்த விதி கதவுக்கு இல்லாததால் தட்டிலேயே வைத்தார். மண்டபத்தில் இருந்த யாரும் தெய்வசிகாமணியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு எல்லோரும் மிகவும் சிரமப்பட்டார்கள்.

புது எம்.எல்.ஏ. கழுத்து நிறைய மாலையோடு வந்தார்.

"அண்ணிக்கு எத்தினிண்ணே?" என்றார்.

"அறுநூத்திப் பதிமூணு."

"அறுநூத்திப் பதிமூணா?"

பூவராகன் சிரித்தார். மாலை கனத்ததோ என்னவோ, நெஞ்சுக்குழியை ஒரு கையால் தடவிக்கொண்டார். "யாருண்ணே போட்டிருப்பாங்க?" என்றார். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாகத் தெய்வசிகாமணிக்கு அந்த மனிதர்மேல் கொஞ்சம் பிரியம் உண்டாயிற்று.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது செங்கமலம் இரண்டு முறை எண்ணைக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். வாசலில் ஆள் வந்திருந்ததால் எழுந்து போனாள்.

அதற்கடுத்த தேர்தலிலிருந்து, பெண்கள் பள்ளிச் சாவடியில் ஓட்டுப்போடும் இடத்து மறைப்பு அட்டையின் உயரத்தில், உள்ளே நிற்பவரின் முகம் வெளியே தெரியும்படி, ஆறு அங்குலம் குறைக்கப்பட்டது.